செல்லம் கொடுத்துக் கெடுத்தார்களா?

கேள்வி: 1956-ல் ஹங்கேரியிலிருந்து தப்பி ஓடிய வனவியல் மாணவர்களுக்கு கனடாவில் ஹங்கேரிய மொழியிலேயே பாடம் நடத்தினார்களாமே! அதே அகதிக் கூட்டத்தில் அமெரிக்கா போன ஆண்ட்ரூ குரோவ் ஆங்கிலத்தில்தான் படித்தார், கணினிச் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்துக்கே தலைவரானார். இவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் செல்லம்?
- வாசகர், ஈரோடு

பதில்: செல்லமா? மூன்றாம் ஆண்டு முடித்து நான்காம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மக்கள் கிளர்ச்சியை நசுக்க நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் தலைநகர் புடாபெஸ்டுக்குள் நுழைகின்றன. உங்கள் கல்லூரி இருக்கும் ஷோப்ரோன், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஊர். போட்டிருந்த சட்டையோடு எல்லையைத் தாண்டுகிறீர்கள். அடுத்த வருடம் வேறொரு கண்டத்தில், புரியாத மொழியில், முதலாம் ஆண்டிலிருந்து திரும்பப் படி என்றால் படிப்பீர்களா, மரம் வெட்டப் போவீர்களா?

ஷோப்ரோன் கல்லூரியின் தலைவர் கால்மான் ரோலருக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் ஆளுக்கொரு இடம் தேடாமல், ‘எங்கள் கல்லூரியை அப்படியே ஏற்றுக்கொள்வீர்களா’ என்று பல நாடுகளுக்கு எழுதிக் கேட்டார். கனடா சரி என்றது. மாணவர்கள் சுமார் 200 பேர், ஆசிரியர்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்று ஒரு கூட்டமே கப்பலேறியது.

போனதும் நேரே வகுப்பறையில் உட்கார்த்திவிடவில்லை. பவல் ரிவர் என்ற காகித ஆலை ஊரில் தங்கவைத்து முதலில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகுதான், 1957 இலையுதிர் காலத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தங்கள் ஆசிரியர்களிடமே ஹங்கேரிய மொழியில் படிக்க, ‘ஷோப்ரோன் பிரிவு’ தொடங்கியது. அதற்குப் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. வந்தவர்கள் படித்து முடித்ததும் பிரிவை மூடிவிடுவது என்பது ஏற்பாடு. 1961-ல் கடைசி வகுப்பு வெளியேறியது, மூடிவிட்டார்கள். இப்படித் தேதி போட்டுக் கொடுக்கிற செல்லத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

மொழி ஒன்றுதான் சிக்கல் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊரில் ஓக், பீச் (beech) மரங்களைப் பார்த்துப் படித்தவர்கள் அவர்கள். இங்கே எதிரே நின்றது டக்ளஸ் ஃபிர். நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். ஊரில் மரத்தைக் கன மீட்டரில் அளந்த கை, இங்கே ‘போர்டு ஃபுட்’ கணக்குப் போட வேண்டும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலக் கனம்: அது ஒரு போர்டு ஃபுட். பாடம் நடத்த வந்த ஆசிரியர்களுக்கே அந்தக் காடு புதிது. தெரிந்த மொழியில் கேட்டாலே தலை சுற்றும் சங்கதி இது. நல்லவேளை, மரங்களின் லத்தீன் பெயர் எந்த நாட்டிலும் மாறாது.

சுமார் 140 பேர் பட்டம் வாங்கினார்கள். எல்லோரும் முடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதியில் விட்டவர்களும் உண்டு, ஊர் திரும்பியவர்களும் உண்டு. அப்படியும் பெரும்பாலோர் கரையேறினார்கள்.

இனி உங்கள் குரோவ். அவர் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமான மனிதர், அந்தக் காதை வைத்துக்கொண்டு அந்நிய மொழியில் பாடம் கேட்டு 1960-ல் வேதிப் பொறியியல் பட்டம் வாங்கினார் என்றால் சும்மாவா! ஆனால் நியூயார்க்கில் அவரைச் சேர்த்துக்கொள்ள உறவினர்கள் இருந்தார்கள். அவர் படித்த சிட்டி காலேஜில் அப்போது கல்விக் கட்டணமே கிடையாது. நீங்கள் ‘செல்லம்’ என்கிறீர்களே, அது அவருக்கும் கிடைத்தது ஐயா, வேறு உருவத்தில்.

இன்னொன்று. ஷோப்ரோனும் அந்தக் கல்லூரியின் பூர்வீகம் அல்ல. முன்பு அது இருந்தது ஷெல்மெட்ஸ்பான்யாவில். முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஊர் செக்கோஸ்லோவாகியாவின் கைக்குப் போக, 1919-ல் மூட்டை முடிச்சோடு ஷோப்ரோன் வந்து சேர்ந்தார்கள். ரோலர் கல்லூரியையே பெயர்த்துக்கொண்டு போகத் துணிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.