ஒன்பது சுற்று விருந்தில் ஐந்தாவதிலேயே வயிறு நிறைந்தால்

உணவகத்தில் சமையற்கலைஞரே தேர்ந்து, என்னவென்று முன்கூட்டிச் சொல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் விருந்தில் மிச்சம் வைத்தால் அவர் கோபிப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டில் மிச்சம் வைக்கலாம். சமையற்கலைஞர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்பது சுற்றில் ஐந்தாவதிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் ரொட்டியின் மேல்தான். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காத்திருக்கையில், வெதுவெதுப்பான ரொட்டியும் உப்புத் தூவிய வெண்ணெயும் கண்ணெதிரே இருந்தால் கை சும்மா இருக்குமா? நானும் இரண்டு முறை இப்படி ஏமாந்திருக்கிறேன்.

அடுத்த முறை உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை சுற்று, கனமானது எத்தனையாவது? உணவின் பெயரைச் சொல்லாமலே பதில் சொல்லிவிடலாம், வியப்பு கெடாது. ரொட்டியைப் பாதியோடு நிறுத்தி, மிச்சத்தைத் தட்டில் தங்கும் சாற்றை வழித்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள். நடுவே சற்று இடைவெளி கேட்பதிலும் தவறில்லை.

ஆனால் ஒவ்வாமை இருந்தால் மேசையில் சொல்வது தாமதம். முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், பல உணவுகளுக்கு அடிப்படையாகும் அடிச்சாறுகள் நீங்கள் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே கொதிக்கத் தொடங்கியிருக்கும்.