ஜெபிக்க நேரம் எங்கே?

கேள்வி: செவிலியராகப் பணிபுரிகிறேன், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். தனித்திருந்து ஜெபிக்க நேரமே வாய்ப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள், சகோதரி. கப்பர்நகூம் என்ற ஊரில் மாலையில் வாசலில் திரண்ட நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, மறுநாள் இருட்டோடே எழுந்து தனித்த ஓரிடத்துக்குச் சென்று ஜெபித்தார். அவருடைய சீடனாகிய சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்லும்வரைதான் அந்தத் தனிமை நீடித்தது. ஆகவே, வேலையெல்லாம் ஓய்ந்தபின் ஜெபிக்கலாம் என்று காத்திராதீர்கள். இரவுப்பணி முடித்து வரும் நாளில் அதிகாலை ஜெபத்தை உங்கள்மேல் சுமத்திக்கொள்ளவும் வேண்டாம்; உறக்கமும் தேவன் தந்ததே. பணிக்குக் கிளம்புமுன் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு சங்கீதத்தை நிதானமாக வாசித்து, உங்கள் பொறுப்பிலுள்ள நோயாளிகளுக்காக மன்றாடுங்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அதை அவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.