கேளுங்க, சொல்றேன்: மாலத்தீவுக்கு மட்டைத் தட்டு அனுப்பலாமா?

கேள்வி: வணக்கமுங்க அக்கா. நாங்க அஞ்சு பொம்பளைங்க சேந்து பாக்குமட்டை தட்டு, தேங்கா நார் ஸ்க்ரப்பர், திருப்பூர் கட்டிங் வேஸ்ட்ல துணிப்பை இதெல்லாம் பண்ணிட்டு இருக்கறோமுங்க. எங்க அக்கா பையன் மாலத்தீவுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல மேனேஜரு. அவங்க ஓனரு நம்ம சாமான் பூராவும் எடுத்துக்கறேங்கறாரு, கூடவே தீவுல இயற்கையோட வாழறதப் பத்தி இன்ஸ்டாவுல நாங்களே பிரச்சாரமும் பண்ணிக் குடுக்கோணுமாம். ராமேஸ்வரத்துக்குப் போனப்ப கடலப் பாத்ததோட சரி, எங்களுக்கு தீவப் பத்தி என்னங்க தெரியும்? எதை அனுப்பறது, என்னத்தப் பேசறது?
- ஒரு வாசகி, ஆனைமலை

பதில்: வெசனப்படாதீங்க அம்மிணி. மொதல்ல அந்த ஓனர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, உங்க தீவுல குப்பை எங்க போவுதுன்னு. நம்மூர்ல ஊருக்கு வெளிய ஒரு பள்ளமோ ஓடையோ கெடைச்சா கொட்டிட்டு வந்துடறோம் (அதுவும் தப்புதான், அது வேற கதை), அங்க ஊருக்கு வெளியன்னா கடலுதான். தலைநகர் மாலே பக்கத்துல திலாஃபுஷின்னு ஒரு எடம், ஆழமில்லாத கடலா (லகூன்) இருந்தது, 1990கள்ல இருந்து குப்பையக் கொட்டிக் கொட்டியே அதையொரு தீவா ஆக்கிட்டாங்க. ஒருவாட்டி தூக்கிப்போடற பிளாஸ்டிக் சாமான இறக்குமதி பண்றத 2021 ஜூன்ல இருந்து படிப்படியா தடை பண்ணிட்டு வர்றாங்க, உங்களுக்கு ஆர்டர் வர்றதுக்கே அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

இப்ப உங்க சரக்குக்கு வருவோம். பாக்குமட்டை தட்டு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். இங்க நம்ம கல்யாணத்துக்கும் கெடா வெட்டுக்கும் அது தங்கமான சாமான், சாப்ட்டுட்டு எருக்குழியில போட்டா மக்கிப்போயிரும், ஆனா ஒரு நேரச் சாப்பாட்டுக்காக லாரி ஏறி, கப்பலேறி, மறுபடி போட்டேறி ஒரு தட்டு போவோணுமா, அங்க எருக்குழியே இல்லாட்டி அது நேரா குப்பை மூட்டையிலதான் விழும். பத்தாததுக்கு கடல்காத்து ஈரத்துல பூஞ்சை வேற புடிக்கும். கெஸ்ட் ஹவுஸ்ல கழுவி வெக்கற தட்டே இருக்கும். இல்லீங்க பீச்சுல பார்ட்டி இருக்குது அதுக்கு மட்டும் வேணும்னு கேட்டாருன்னா, நல்லாக் காயவெச்சத கொஞ்சமா அனுப்புங்க, சாப்ட்ட மட்டைய எங்க மக்க வெக்கறீங்கன்னு போட்டோ கேட்டு வாங்கிட்டு அனுப்புங்க. அதுக்கும் முன்னாடி மட்டை மாதிரி செடிகொடிச் சாமானுக்கு அந்த நாட்டுல என்ன சர்ட்டிஃபிகேட் கேக்கறாங்கன்னு அவரையே விசாரிக்கச் சொல்லுங்க, சரக்கு துறைமுகத்துல மாட்டுனா நஷ்டம் உங்க தலையிலதான்.

நார் ஸ்க்ரப்பரு? மாலத்தீவுக்காரங்ககிட்ட தேங்கா நாரக் கொண்டுபோறது கொல்லந்தெருவுல ஊசி விக்கற கதை. 14ஆம் நூற்றாண்டுல அங்க போய் இருந்த மொராக்கோ பயணி இபன் பதூதா, அங்கத்து நார்க் கயித்த இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்புனாங்க, அதுல கப்பல் பலகையவே தெச்சாங்கன்னு எழுதி வெச்சிருக்காரு. ஆனாலும் ஸ்க்ரப்பரு சின்னச் சாமான், வெயிட்டில்ல, தேஞ்சா மண்ணுக்குப் போயிரும், அனுப்பலாம். நீங்க நெம்ப நம்பலாம்னா அது துணிப்பையத்தான். ரூமுக்கு ரூம் அழுக்குத்துணி போடறதுக்கு பாலிதீன் கவர் வெப்பாங்க பாருங்க, அந்த எடத்துக்கு உங்க பை போவோணும். துவைச்சு துவைச்சு வருசக்கணக்கா ஓடும். இன்னொண்ணும் சொல்லிப் பாருங்க, அவங்க கிழிஞ்ச பெட்ஷீட்ட என்ன பண்றாங்க? அங்கயே ஒரு தையக்காரரு இருந்தா உங்க பேட்டர்ன வெலைக்குக் குடுங்க, பை அங்கயே ரெடியாயிரும், உங்களுக்கு கப்பல் செலவே கெடையாது.

பேக்கிங்குலதான் முக்காவாசிப் பேரு கோட்டை விடறாங்க. உள்ளுக்குள்ள இயற்கைச் சாமான், வெளிய ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாலி கவரு, மேல தெர்மக்கோலு, அப்பறம் டேப்பு. இதெல்லாம் யாரு தீவுல பொறுக்கறது? ஸ்க்ரப்பர பைக்குள்ளயே போட்டு நாடாவ இழுத்துக் கட்டுங்க. ஈரத்துக்குப் பயந்து அட்டைப்பெட்டிக்குள்ள ஒரே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை (லைனர்) போடறதுல தப்பில்ல, அதை மடிச்சுத் திருப்பி அனுப்புவேன்னு ஓனர் எழுதிக் குடுக்கட்டும். தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்கு காலங்காலமா தோணி போகுது, சின்ன லோடுக்கு அங்கிருக்கற ஏஜென்ட்டுகள விசாரிங்க, எந்த மாசம் தோணி ஓடாதுன்னும் கேட்டுக்குங்க. பேப்பருன்னா ஐஇசி (ஏத்துமதி, இறக்குமதிக்கான) நம்பர் ஆன்லைன்ல 500 ரூபாய்க்கு எடுத்துக்கலாம், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் காசே இல்ல, ஜிஎஸ்டி எடுத்து எல்யூடிங்கற உறுதிமொழிக் கடிதம் போட்டா ஐஜிஎஸ்டி கட்டாமயே ஏத்துமதி பண்ணலாம். பாதிப் பணம் அட்வான்ஸ் வராம மெஷின்ல உக்காராதீங்க, அக்கா பையன் இருக்கறான்னு எளகிப் போயிராதீங்க.

பிரச்சாரத்துக்கு மொதல்ல ஒரு ரேட் போடுங்க, ஓசியில கேக்கறாரு பாருங்க. அப்பறம் தீவுல எப்படி வாழோணும்னு தீவுக்காரங்களுக்கு நாம சொல்லித்தர வேண்டாம், அங்க தங்க வர்ற டூரிஸ்ட்டுக்குச் சொல்லுங்க. நாம ஆயிரம் அடி போர் போட்டுட்டு தண்ணி இல்லைங்கறோம், அங்க கொஞ்சம் தோண்டுனாலே தண்ணி, ஆனா அது கீழ இருக்கற உப்புத்தண்ணி மேல மெதந்துட்டு நிக்கற மழைத்தண்ணி. நெறைய இழுத்தா உப்பு மேல ஏறிரும், கக்கூஸ் தண்ணி எறங்குனா அதுவும் கெட்டுரும். அதனாலதான் பல தீவுல கடல்தண்ணிய மெஷின்ல சுத்தம் பண்ணிக் குடிக்கறாங்க, அந்த மெஷினு பெரும்பாலும் டீசல் கரண்ட்டுல ஓடுது. டவல தெனமும் தொவைக்கப் போடாதீங்கன்னு ரூம்ல எழுதி வெக்கறதுக்குப் பின்னால இவ்வளவு இருக்குது, இத ஒரு ரீல்ல சொல்லுங்க. ஆமை, பவளப்பாறை போட்டோவெல்லாம் எல்லாரும் போடறாங்க, நீங்க உங்க தையல் மெஷினக் காட்டுங்க, கிழிஞ்ச பை கடைசியில என்ன ஆச்சுன்னு காட்டுங்க.

கேள்வி: பையில '100 சதம் இயற்கை, சுற்றுச்சூழலுக்கு நல்லது'ன்னு பிரிண்ட் போட்டுக்கலாமா? - ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஆதாரம் இருந்தா போடுங்க. பொய்யான பச்சை விளம்பரத்துக்கு எதிரா மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர்லயே வழிமுறை கொண்டுவந்துருச்சு, இயற்கை, பசுமைன்னு பொத்தாம்பொதுவா அடிச்சு விடக்கூடாது. அதுவும் நீங்க திருப்பூரு. சாயத்தண்ணிக்காக 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊரு, நொய்யல் ஆத்தப் பாத்தவங்க சும்மா விடுவாங்களா? 'கட்டிங் வேஸ்ட் பனியன் துணி, புதுசா சாயம் போடல'ன்னு உள்ளத அப்படியே போடுங்க, அது போதும். மக்கும் பிளாஸ்டிக் கவர்னு யாராவது விக்க வந்தா மக்கும் பிளாஸ்டிக்குக்கான தரமான ஐஎஸ் 17088 சர்ட்டிஃபிகேட் கேளுங்க, அது மக்கறதுக்கு கம்போஸ்ட் ஆலைச் சூடு வேணும், கடல்ல போட்டா லேசுல மக்காம அது பாட்டுக்குக் கெடக்கும்.

கேள்வி: செக்கு தேங்கா எண்ணெயில குளியல் சோப்பு வீட்டுலயே பண்ணி விக்கலாமுங்களா? - ஒரு வாசகி, கோபி

பதில்: உங்க வீட்டுக்கும் ஒறம்பரைக்கும் தாராளமா. விக்கறதுன்னா காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020 படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையில லைசென்ஸ் வாங்கோணும். தனி எடம், சோதனை வசதியெல்லாம் கேப்பாங்க, அதனால ஏற்கனவே லைசென்ஸ் வெச்சிருக்கறவங்ககிட்ட உங்க எண்ணெயக் குடுத்து ஜாப் ஒர்க்கா பண்ண முடியுமான்னு மொதல்ல விசாரிங்க.