மூளையின் துணைச் செல்களும் மதுவும்: கேள்வி பதில்

எலி மூளையிலிருந்து பிரித்தெடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்கு எத்தனால், அதாவது மதுவில் போதை தரும் பொருள், கொடுத்துப் பார்ப்பதுதான் பல வருஷம் என் வேலை. "எலிக்குச் சாராயம் ஊத்துற உத்தியோகம்" என்று வீட்டில் கிண்டல். நான் மருத்துவர் அல்ல. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வேன், மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்.

அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்: பாடத்தில் நியூரோகிளியா என்றால் 'தாங்கும் செல்கள்' என்று ஒரு வரியோடு முடிகிறது. பிள்ளைகள் மேலே கேட்டால் என்ன சொல்ல?

பெயரிலேயே வந்த வினை, சார். 1856-இல் அந்தப் பெயரை வைத்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ, நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, ஒட்டிவைக்கும் பசை என்றுதான் நினைத்தார். கிளியா என்றாலே கிரேக்கத்தில் பசை.

கிளியாவில் முக்கியமாக மூன்று வகை. ஆஸ்ட்ரோசைட் நியூரானுக்குத் தீனி கொடுக்கிறது, நியூரான்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட் சிந்தினால் அள்ளுகிறது. அள்ளாமல் விட்டால் அதே குளூட்டமேட் நியூரானைக் கொன்றுவிடும். ஆலிகோடெண்ட்ரோசைட் நரம்பிழை மேல் மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றுகிறது. மைக்ரோகிளியா காவலும் பார்க்கும், குப்பையும் கூட்டும். நியூரானைவிடக் கிளியா பத்து மடங்கு என்று பழைய புத்தகங்களில் இருக்கும், அது தப்பு. எண்ணிப் பார்த்தபோது நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு.

ஐ.டி. ஊழியர், சென்னை: ஒரு பெக் அடித்தால் ஆயிரக்கணக்கில் மூளை செல் செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா மேடம்?

இல்லை. ஆனால் நிம்மதியாகப் போய் ஊற்றிக்கொள்ளாதீர்கள், மீதியையும் கேளுங்கள்.

தட்டில் எத்தனால் ஊற்றி மூடி வைத்தால், மறுநாள் பாதி ஆவியாகியிருக்கும். நான் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் ஒரு மாத வேலையைத் தூக்கிப் போட்டேன். அப்புறம்தான் காற்றுப் புகாத பெட்டிக்குள், பக்கத்தில் இன்னொரு கிண்ணத்திலும் எத்தனால் கரைசல் வைத்து வளர்க்கக் கற்றுக்கொண்டேன். நாங்கள் கொடுக்கும் உச்ச அளவு 100 மில்லிக்கு 460 மில்லிகிராம். வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் நம் சட்டம் அனுமதிப்பது 30. அதைப்போல் பதினைந்து மடங்கு கொடுத்தும், வளர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் ஓரிரு நாளில் கொத்தாகச் சாவதில்லை. பெருகுவது குறைகிறது, உருவம் மாறுகிறது, வேலையில் சுணங்குகின்றன.

வருஷக்கணக்கில் குடித்தவர்கள் கதை வேறு. 1999-இல் டென்மார்க்கில், இறந்துபோன கடும் குடிகாரர்களின் ஹிப்போகாம்பஸை, அதாவது நினைவுக்கான பகுதியை, செல் செல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நியூரான் எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. கிளியா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அது தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் நியூரானையே பார்த்துக்கொண்டிருந்தோம். நியூரான் தப்பித்துவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிட்னியில் பார்த்த மூளைகளில் நெற்றிப் பக்கத்தில் அவையும் குறைந்திருந்தன, மயலின் நிறைந்த வெண்பகுதி நன்றாகவே சுருங்கியிருந்தது.

அவரே: சாகாத செல்லால் என்ன கெடுதல்?

மைக்ரோகிளியா மேலும் ஆஸ்ட்ரோசைட் மேலும் டி.எல்.ஆர்-4 என்று ஒரு புரதம் உண்டு. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு வந்தால் மணி அடிக்க வேண்டியது அதன் வேலை. எத்தனால் வந்தாலும் அது அடிக்கிறது. திருடனே இல்லாமல் ஊர் முழுக்கத் தடியோடு கிளம்பினால் அடி யாருக்கு விழும்? சுற்றியிருக்கும் நியூரானுக்கும் மயலினுக்கும்தான். ஸ்பெயினின் வலென்சியாவில் இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு மாதக்கணக்கில் எத்தனால் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளின் மூளையில் கண்ட அழற்சி இவற்றில் காணவில்லை. போதாக்குறைக்குக் குடி குடல் சுவரையும் கசியவைக்கிறது. அந்த வழியாக நிஜமான பாக்டீரியாத் துணுக்கும் ரத்தத்துக்கு வந்து சேரும்.

பெயர் வேண்டாம், மதுரை: அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. குடியை நிறுத்தி ஆறு மாதம். ஆனாலும் சில நாள் பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி சம்பந்தமில்லாமல் பேசுகிறார். திருட்டுத்தனமாகக் குடிக்கிறாரோ என்று அம்மா சந்தேகப்படுகிறார்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், குடிக்காமலேயே இப்படி ஆகும். இதில் அடிபடுவது நேராக ஆஸ்ட்ரோசைட்தான்.

புரதம் செரிக்கும்போது குடலில் அமோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். கெட்ட கல்லீரல் கைவிட, அமோனியா மூளைக்குள் போகிறது. மூளையில் அதைச் சமாளிக்கும் நொதி பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டிடம் மட்டுமே இருக்கிறது. அது அமோனியாவைக் குளூட்டமேட்டோடு சேர்த்துக் குளூட்டமினாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. குளூட்டமின் தண்ணீரை இழுக்க, செல் உப்பிப் போகிறது, வழக்கமான வேலைகள் கெடுகின்றன. பகல் தூக்கம், உளறல், நீட்டிய கை படபடவென அடித்துக்கொள்வது எல்லாம் இதனால் வரலாம். மலச்சிக்கல், ஏதாவது தொற்று, ரத்த வாந்தி இவை சட்டென்று கூட்டிவிடும். மலம் இளகப் போக லாக்டுலோஸ் சிரப் கொடுப்பதும் அமோனியாவை வெளியேற்றத்தான். அது வெறும் பேதி மருந்து என்று நிறுத்திவிடாதீர்கள். புரதத்தையும் நீங்களாகக் குறைக்க வேண்டாம், உடம்பு இன்னும் இளைக்கும். தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுப்பினால் சரியாக முழிக்கவில்லை என்றால் அப்போதே ஆஸ்பத்திரி.

குடும்பத் தலைவி, ஈரோடு: அக்கா, இவர் தினமும் ரெண்டு குவார்ட்டர். சாமிக்கு மாலை போடப்போகிறேன், நாளையிலிருந்து தொட மாட்டேன் என்கிறார். போன தடவை நிறுத்தியபோது கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊருகிறது என்றார்.

மாலை போடட்டும்மா, ஆனால் அதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கட்டும். ரெண்டு குவார்ட்டர் என்றால் சுமார் 120 கிராம் எத்தனால். மது மூளையை அமுக்கிவைக்கும். இத்தனை காலம் மூளை அந்த அமுக்கத்துக்கு எதிராக முட்டுக் கொடுத்துப் பழகியிருக்கிறது. திடீரென்று அமுக்கம் போனால் குளூட்டமேட் பொங்குகிறது, அதை அள்ள வேண்டிய ஆஸ்ட்ரோசைட் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். போன தடவை பூச்சி தெரிந்ததே எச்சரிக்கை. மருத்துவமனையில் வைத்து, மருந்தோடு நிறுத்த வேண்டிய ஆள் அவர்.

குளுக்கோஸ் ஏற்றும் இடத்தில் அவர் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குடிப்பவர்களுக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் வெர்னிக்கி என்ற மூளை நோய் கிளம்பலாம். கண் ஓடும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிப்போவார். முற்றினால் புது நினைவே தங்காது.

கல்லூரி மாணவர், கோவை: நான் பீர் மட்டும்தான்.

பீரிலும் அதே எத்தனால்தான், தம்பி. உன் வயதில் ஒன்று கூடுதல்: நெற்றிப் பக்கத்து மயலின் சுற்றும் வேலை இருபதுகளின் நடுவரை முடிவதில்லை. சிமெண்ட் காய்வதற்குள் மேலே ஏறி நடக்கிறாய்.

ஐந்து மாதக் கர்ப்பிணி, புதுச்சேரி: விருந்தில் அரை கிளாஸ் ஒயின் பரவாயில்லை என்கிறார்கள்.

வேண்டாம்மா. தட்டில் வளர்ந்த செல் தாங்கும் என்று மேலே சொன்னது வயிற்றுப் பிள்ளைக்குப் பொருந்தாது. கருவிலிருக்கும் குரங்குக் குட்டிகளின் மூளையில், தாய்க்கு ஒரே ஒருமுறை அதிக அளவு எத்தனால் ஏற்றியதற்கே ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் தாமாக மடிந்தன. அரை கிளாஸ் அந்த அளவு இல்லைதான். ஆனால் இதுவரை பாதகமில்லை என்று கோடு போட யாராலும் முடியவில்லை. முன்பே தெரியாமல் குடித்திருந்தால் அதை நினைத்துப் புழுங்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

விழுப்புரம் வாசகர்: 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயத்தில் பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனதும் இதனால்தானா?

இல்லை, அது மெத்தனால் என்ற வேறு பொருள். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக்கும், அது செல் மூச்சுவிடும் நொதியையே அடைக்கும், பார்வை நரம்பு முதலில் மாட்டும். அதன் தன்மையே வேறு, இதோடு சேர்க்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஓட்டுநர், சேலம்: முப்பது வருஷம் குடித்தேன். விட்டு நாலு மாதம். போனது போனதுதானா?

முழுக்க அப்படி இல்லை, ஐயா. இறந்த நியூரானுக்கு மாற்று அநேகமாக வராது. ஆனால் ஆலிகோடெண்ட்ரோசைட்டை உண்டாக்கும் முன்னோடி செல்கள் முதிய மூளையிலும் இருக்கின்றன, புதிதாக மயலின் சுற்றுகின்றன. குடியை விட்டவர்களை ஸ்கேன் செய்தால் சில வாரங்களிலேயே மூளையின் கன அளவு கூடுவது தெரிகிறது. நடை நிதானமும் கவனமும் மாதக்கணக்கில் மெல்லத் தேறும். புகை உண்டென்றால் அதையும் விடுங்கள், தேறுவதைத் தாமதப்படுத்துகிறது. நாலு மாதத்தில் வீட்டில் யாராவது "இப்ப மறதி குறைஞ்சிருக்கு" என்றார்களா? எனக்கு எழுதுங்கள்.