புதிய விண்டோஸுக்கு மாறச் சொன்னால் ஏன் பலர் மறுக்கிறார்கள்?

"இலவசமாகவே கிடைத்தாலும் அப்பா தன் கடை கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் போட விடமாட்டேன் என்கிறார். ஏன் இந்தப் பயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பெங்களூரிலோ ஓசூரிலோ ஐ.டி. வேலையில் இருப்பீர்கள், ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பழைய திரையைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். 'பயம்' என்ற அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. என்னையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

தர்மபுரியில் 2006-லிருந்து டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, காரியப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், மனு எல்லாம் அடிப்பேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று காலை ஏழரைக்கே கடையைத் திறந்துவிடுவேன். பென்னாகரம், இண்டூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று நாலா பக்கமிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் மனு அடிக்க நிற்பார்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பாலக்கோட்டில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். 'யளனக' என்று தொடங்கும் அந்த வரிசைதான் இன்றும் என் விரலில் இருக்கிறது. கடையை விண்டோஸ் எக்ஸ்பியில் ஆரம்பித்தேன். 2011-ல் விண்டோஸ் 7-க்கு மாறினேன். அப்போது ஒரு பிரச்சினையும் இல்லை. மாற்றிக் கொடுத்தவர் ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, நான் என்னென்ன வேலை செய்கிறேன் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தார். அதனால் மாற்றமே பிடிக்காத ஆள் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுக்கும் பாதுகாப்பு அப்டேட், 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த வருஷம் அது போகிப் பண்டிகை நாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற தம்பி ஒருவர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார், "அக்கா, போகியோட செவனைத் தூக்கிப் போட்டுடலாம், இனிமே வைரஸ் வந்தா காப்பாத்த ஆளில்லை" என்று. சரி என்றேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து விண்டோஸ் 10 போட்டார். "உங்க வேலையெல்லாம் டி டிரைவில் இருக்கு, சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் பண்றேன், ஒண்ணும் போகாது" என்றார். வேலை முடிந்ததும் என் கணவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கணவர் அந்த கம்ப்யூட்டரில் ஒரு வரி கூட அடித்ததில்லை. தினமும் பத்து மணி நேரம் அதன் முன்னால் உட்காருகிற நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. இண்டூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் ஏரிக்கால்வாய் ஆக்கிரமிப்பு பற்றி மனு கொடுக்க வந்திருந்தார். போன மாதம் அடித்த மனு இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்கிலீசுல அடிச்சிட்டியா?" என்றார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

விஷயம் இதுதான். எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொது முறை வருவதற்கு முன்னால் இருந்த தமிழ் ஃபாண்ட்கள் (எழுத்துருக்கள்) பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. பாமினி ஃபாண்டில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச். பாமினி இருந்தால் அது 'அம்மா'. இல்லையென்றால் வெறும் குப்பை. யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் என்னிடம் இருந்தவை அதற்கு முன்பிருந்தே பழைய ஃபாண்டில் அடித்துச் சேர்த்த பதினாலு வருஷத்து ஃபைல்கள். அந்த ஃபாண்ட்கள் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். தம்பி சொன்னது போல ஃபைல் ஒன்றும் போகவில்லை. அவற்றைப் படிக்கத்தான் வழியில்லாமல் போய்விட்டது.

சரி, புதிதாகவே அடித்துக் கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்தால் கீபோர்டு ஒத்துழைக்கவில்லை. விண்டோஸோடு தானாக வருகிற தமிழ் கீபோர்டு இன்ஸ்கிரிப்ட் முறை. டைப்ரைட்டர் படித்த கைக்கு அது வேறு உலகம். எழுத்து இருக்கும் இடம் மாறியது மட்டுமில்லை, அடிக்கும் வரிசையே வேறு. 'கொ' என்றால் என் விரல் முதலில் கொம்பை அடிக்கும், பிறகு க, பிறகு கால். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதே வரிசை. அங்கே க-வை முதலில் அடித்துவிட்டு உயிர்க்குறியை அடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை அடிக்கிறவள் ஒரு மனுவுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தேன். பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடு அடிக்க என்.எச்.எம். ரைட்டர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சொல்லவும் ஆளில்லை.

அடித்ததை பிரின்ட் எடுக்கவும் முடியவில்லை. என் லேசர் பிரின்டர் கடை ஆரம்பித்தபோது வாங்கியது, அதுவரை ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. பழைய விண்டோஸ் 32-பிட், புதிதாகப் போட்டது 64-பிட். பிரின்டரை கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற சின்ன சாஃப்ட்வேர்தான் டிரைவர். 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் வேலை செய்யாது. அந்த மாடலுக்குப் புது டிரைவர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பெரியவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைத்தேன். அவர் கோபப்படவில்லை, "பரவால்ல, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அந்த வாரம் மாரண்டஹள்ளிப் பக்கத்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் காட்ட வேண்டியிருந்தது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் என்ற சாஃப்ட்வேரில் திறந்தால் பதினோரு ஃபாண்ட் இல்லை என்று பட்டியல் போட்டது. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-ல், 2004-லேயே அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்றும் பத்திரிகை அதில்தான் உருவாகிறது. முகூர்த்த நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் வாங்கிய 2,000 ரூபாய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தில் மூத்த பெண்ணின் பத்திரிகையும் நான் அடித்ததுதான்.

ஒன்பதாவது நாள், எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்த பாலக்கோட்டு ஐயாவிடம் போய் நின்றேன். பீரோவைத் துழாவி ஒரு சி.டி.யை எடுத்துக் கொடுத்தார். பதினோரு ஃபாண்டில் ஒன்பது அதில் இருந்தது. கடைக்கு வந்து போட்டு அந்த ஏரிக்கால்வாய் மனுவைத் திறந்தேன். 'ஐயா' என்று முதல் வரி தமிழில் வந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பேக்கப் எடுக்காதது உங்கள் தப்பு" என்று கமெண்ட் போட வருவார்கள், தெரியும். ஃபைலுக்குப் பேக்கப் எடுத்திருந்தேன். ஃபாண்டையும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? "பழசையே வைத்திருந்தால் வைரஸ் வரும்" என்பார்கள். அதை நான் மறுக்கவே இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் வந்து கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டுப் பணம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பு, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதிரி ஓட்டையை அடைக்கும் சின்ன அப்டேட் வேறு, விண்டோஸையே பெயர்த்துவிட்டு இன்னொன்றைப் போடுவது வேறு. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இரண்டையும் 'அப்டேட்' என்றே சொல்கிறீர்கள். பெரியதில் ஒரு தரம் சூடு பட்டவர் அந்தப் பெயரைக் கேட்டாலே சின்னதையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிடுகிறார். எனக்குத் தெரிந்து மூன்று கடைகளில் இதுதான் நடந்தது. உங்கள் அப்பா கதையும் இதுவாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மறுக்கிறவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள் என்று நினைப்பதும் சரியில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்க ஜனங்கள் முணுமுணுத்த பிறகு, அடுத்த வருஷம் 8.1-ல் அந்தப் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். மாட்டேன் என்று சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்ததால்தானே அது நடந்தது?

இலவசம் என்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்குப் போக வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்கு மேலோ வேண்டும். என் கடையில் இருப்பது நாலாம் தலைமுறை ஐ3. நன்றாக ஓடுகிறது, மனு அடிக்க அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் இலவசம்தான், ஆனால் அதைப் போட எனக்கு ஒரு புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். வீட்டுக் கணக்குகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டித்துக் கொடுக்கிறார்கள், என் பெண்ணின் லேப்டாப்பில் அதைப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் அடிக்க 30 ரூபாய் கேட்டால், "டைப்தானே அடிக்கிற, இதுக்கு 30-ஆ?" என்று பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிற ஊரில் புது கம்ப்யூட்டருக்கான காசு எத்தனை பக்கம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டைப்தானே என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆறவே ஆறாது. என்னிடம் மனு அடிக்க வருகிற வயதான பெண்களில் எத்தனையோ பேர் வருவது பெயர்த் திருத்தத்துக்காக. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ அவசரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பெயரின் கடைசியில் ஒரு 'ள்' விட்டுப்போயிருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பட்டாவில் ஒரு மாதிரி. அந்த ஒரு எழுத்துக்காக ஒரு பாட்டி மூன்று வருஷமாக அலைகிறார். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு, ஒரு நாள் கூலி. ஒழுங்காக டைப் அடிக்கத் தெரிந்த ஒருவரை அன்றைக்கு உட்கார வைத்திருந்தால் அவருக்கு இந்த அலைச்சல் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது எதையும் மாற்றாமல் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள். காலையில் எதைத் திறக்கிறார், எதில் கணக்கு எழுதுகிறார், எந்த பிரின்டர், எந்த கீபோர்டு முறை என்று பாருங்கள். விண்டோஸுக்குள் இருக்கிற ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்து அவரிடமே கொடுங்கள். பிரின்டருக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலிலேயே தேடிவிடுங்கள். முடிந்தால் பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டு மாதம் இரண்டிலும் வேலை செய்ய விடுங்கள். கடைசியில் நான் அப்படித்தான் மாறினேன். வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய மெஷினில் செவனையும் அந்த ஃபாண்ட்களையும் போட்டு, நெட் இல்லாமல் மூலையில் வைத்திருக்கிறேன். புது வேலை எல்லாம் விண்டோஸ் 10-ல், யூனிகோடில். முடிகிறபோது பழைய மனு ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டே வருகிறேன். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

மாற்றிய பிறகு அவருடைய ஃபைல் ஏதாவது இப்படிக் குப்பையாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு வரியை இங்கே கமெண்டில் ஒட்டுங்கள். அந்த ஒன்பது நாளில் பார்த்துப் பார்த்து, எந்த ஃபாண்ட் என்று எழுத்தைப் பார்த்தே சொல்லும் அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. திங்கட்கிழமை மட்டும் ராத்திரிதான் பார்ப்பேன்.