ஆடு பட்டையைத் தின்ற மாமரம் பிழைக்குமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு வயதான ஒட்டு மாமரம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் கட்டியிருந்த ஆடுகள் முழங்கால் உயரத்தில் அதன் பட்டையைக் கடித்து உரித்துவிட்டன. சுற்றளவில் முக்கால் பங்குக்குக் கட்டை வெளியே தெரிகிறது. மூன்று வாரமாகியும் இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. மரம் பிழைக்குமா? காயத்தைச் சிமெண்ட் பூசி மூடலாமா? அருகிலுள்ள தென்னையில், ஏறுவதற்காக எப்போதோ வெட்டிய படிகள் அப்படியே இருந்தும் அது நன்றாகக் காய்க்கிறதே, எப்படி?

பதில்: மிஞ்சியிருக்கும் கால் பங்குப் பட்டை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் தொடர்ந்தால், உங்கள் மாமரம் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால், இலை பச்சையாக இருப்பதை அதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பட்டை முழுச்சுற்றும் போன மரம்கூடச் சில மாதங்கள் வரை, சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், பசுமையாகவே நிற்கும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அடிமரத்தை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனால், முதலில் வருவது உயிரற்ற தக்கைச் செல்களாலான புறப்பட்டை. நீர் ஆவியாகாமலும் கிருமி நுழையாமலும் காப்பது அதன் வேலை. அதற்கு உள்ளே ஈரமும் மென்மையுமாக இருக்கும் உட்பட்டையில்தான் ஃபுளோயம் என்னும் திசு இருக்கிறது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரை இதன் சல்லடைக் குழாய்கள் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. இந்தக் குழாய்கள் விந்தையானவை. முதிரும்போது உட்கருவை இழந்துவிட்டு, ஒட்டியிருக்கும் துணைச் செல்களின் தயவில் உயிர் வாழ்கின்றன. ஃபுளோயத்துக்கும் கட்டைக்கும் நடுவே, கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லிய கேம்பியம் என்னும், புதிய செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசு இருக்கிறது. அதற்கும் உள்ளே இருப்பது சைலம். நாம் கட்டை என்று சொல்வது இதைத்தான். வேர் உறிஞ்சிய நீரும் உப்புகளும் மேலே ஏறும் சைலக்குழாய்கள் லிக்னின் என்னும் கெட்டிப் பொருள் படிந்து இறுகிய, முதிர்ந்ததும் உள்ளே உயிரே இல்லாத வெற்றுக் குழாய்கள்.

ஆடு தின்றது பட்டையை மட்டும்தான். நீர் ஏறும் கட்டை அப்படியே இருப்பதால் இலைகளுக்குத் தண்ணீர் தடையின்றிப் போகிறது. ஆகவே அவை வாடவில்லை. அடிபட்டது கீழ்நோக்கிச் செல்லும் உணவுப் பாதை. அது முழுச்சுற்றும் அறுந்திருந்தால், வேர்கள் தங்கள் பாரன்கைமா என்னும் மென்திசுச் செல்களில் சேமித்து வைத்திருந்த ஸ்டார்ச்சைக் கொண்டு காலம் தள்ளும். அந்த இருப்பு தீர்ந்ததும் புதிய வேர்கள் உண்டாவது நின்று, நீர் உறிஞ்சுவதும் குறைந்து, அதன் பிறகுதான் இலை வாடத் தொடங்கும். மரம் வாடுவது நம் கண்ணுக்குத் தெரியும்போது வேர் ஏற்கெனவே பட்டினியில் பாதி செத்திருக்கும்.

இதே உத்தியை நாம் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. மாதுளையிலும் எலுமிச்சையிலும் விண்பதியம் போடும்போது கிளையில் ஓர் அங்குல அளவுக்குப் பட்டையை வளையமாக எடுத்துவிடுகிறோம். இறங்க வழியில்லாத சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கிகளும் வளையத்தின் மேல் விளிம்பில் தேங்க, அங்கே வேர் விடுகிறது. பட்டையை வளையமாக நீக்கினால் மேல் விளிம்பு வீங்குவதை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி கவனித்து எழுதியிருக்கிறார்.

உங்கள் மரத்தில் எந்தத் திசு எஞ்சியிருக்கிறது என்பதை ஒரு கூரிய கத்தியால் அறியலாம். உரிந்ததாகத் தோன்றும் இடத்தை நகத்தளவுக்கு மெல்லச் சுரண்டிப் பாருங்கள். நார்நாராக, ஈரமாக, இளம்பச்சையோ வெளிர்மஞ்சளோ கலந்த படலம் தெரிந்தால் உட்பட்டை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பகுதியை இழந்ததாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கத்தி வழுக்கிக்கொண்டு போகும்படி கட்டை வழவழப்பாகக் காய்ந்து பழுப்பேறியிருந்தால், அங்கே ஃபுளோயமும் இல்லை, கேம்பியமும் இல்லை. பட்டை நீங்கிய அதே நாளில் ஈரம் காயாமல் பாலித்தீன் தாளைச் சுற்றியிருந்தால், சில மரங்களில் கட்டையின் மேற்பரப்பிலுள்ள இளஞ்செல்களே புதிய பட்டையை உருவாக்கும். மருந்துக்காகப் பட்டை எடுக்கும் யூகோமியா மரத்தில் சீனர்கள் இதைச் செய்கிறார்கள். மூன்று வாரம் காய்ந்த காயத்தில் அதற்கு வழியில்லை.

இனி நம்பியிருக்க வேண்டியது காயத்தின் விளிம்பைத்தான். அங்கே உயிரோடிருக்கும் கேம்பியமும் அதையொட்டிய இளம் பாரன்கைமா செல்களும் பெருகி, காலஸ் என்னும் உருண்ட தடிப்பை உண்டாக்கும். அந்தத் தடிப்புக்குள் புதிய கேம்பியமும் புதிய பட்டையும் அமைந்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் காயத்தின் நடுப்பகுதி நோக்கி நகரும். இதைப் ‘புண் ஆறுதல்’ என்று சொல்வது வழக்கம் என்றாலும், நம் உடலில் நடப்பதும் மரத்தில் நடப்பதும் ஒன்றல்ல. நம் தோல் கிழிந்தால், விளிம்பிலுள்ள எபிதீலியம் என்னும் மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து மூட, அடியில் இணைப்புத் திசு கொலாஜன் நாரை நெய்து, சேதமான இடத்தையே நிரப்புகிறது. மரம் கெட்ட திசுவை மாற்றுவதில்லை. அதைச் சுற்றி வேதித்தடுப்பு எழுப்பித் தனிமைப்படுத்திவிட்டு, அதன் மேல் புதிய அடுக்கை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து 1970களில் விளக்கிய உண்மை இது. இப்போது வெளியே தெரியும் அந்தக் கட்டை, நாளை புதிய பட்டைக்குள் மறைந்தாலும், உள்ளே அப்படியேதான் இருக்கும்.

ஆகவே சிமெண்ட் வேண்டாம். காற்றில் அசையும் மரமும் அசையாத பூச்சும் ஒட்டி நிற்பதில்லை. இடையே விழும் சந்தில் ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். விளிம்பில் பெயர்ந்தும் கறுத்தும் தொங்கும் செத்த பட்டையை மட்டும், உயிருள்ள பட்டை தொடங்கும் கோடு வரையில், கூரிய கத்தியால் சீராக நீக்குங்கள். காயத்தை அழகாக்குகிறேன் என்று பக்கவாட்டில் ஒரு விரற்கடை கூட அகலப்படுத்தக் கூடாது. உங்கள் மரத்துக்கு இப்போது ஒவ்வொரு விரற்கடைப் பட்டையும் அரியது. பிறகு வெறுங்கட்டையின் மீது மட்டும் போர்டோ பசையைத் தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் வைத்து எடுக்கும்போது செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்க்கவும். இந்தப் பசை காயத்தை மூட வைக்காது. பூஞ்சையைத் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

மரம் பூத்தால் இந்த ஒரு பருவத்துக்குப் பிஞ்சுகளைப் பெருமளவு உதிர்த்துவிடுவது நல்லது. குறுகிப்போன பாதையில் இறங்கும் சர்க்கரை வேருக்குப் போகட்டும். அதே காரணத்தால் கிளைகளைக் கடுமையாகக் கவாத்து செய்ய வேண்டாம், சர்க்கரை செய்யும் இலைகள் குறைந்துவிடும். காயத்தின் ஓரத்திலோ கீழேயோ மரத்தூள் உதிர்ந்து கிடந்தால், தண்டுத் துளைப்பான் நுழைந்துவிட்டது என்று உடனே கவனிக்க வேண்டும். அதன் தாய்வண்டு முட்டையிடத் தேடுவது இத்தகைய பட்டை வெடிப்புகளைத்தான். ஆடு மறுபடி வராமல் அடைப்பு கட்டும்போது கம்பியை மரத்தில் சுற்றிவிடாதீர்கள். மரம் பருக்கப் பருக்க அந்தக் கம்பி பட்டைக்குள் புதைந்து, ஆடு செய்யாமல் விட்ட மீதி வளையத்தைப் போட்டுவிடும்.

சுரண்டிப் பார்த்ததில் மிஞ்சிய கால் பங்கும் காய்ந்திருப்பது தெரிந்தால், மாமரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. அடிமரத்தை ஒட்டி மாங்கன்றுகள் மூன்று நான்கை நட்டு, அவை பிடித்ததும், நுனியைச் சீவிக் காயத்துக்கு மேலேயுள்ள நல்ல பட்டைக்குள் செருகி, நெருக்கு ஒட்டாகக் கட்டிவிடலாம். கன்றின் கேம்பியமும் மரத்தின் கேம்பியமும் தொட்டுக்கொண்டால்தான் ஒட்டு சேரும். கட்டையோடு கட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. இதை அனுபவமுள்ள நாற்றங்கால் ஆளை வைத்துச் செய்வதே உத்தமம். ஒட்டு மரம் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். காயத்துக்குக் கீழே புதுத்தளிர் வெடித்தால், அது ஒட்டு சேர்ந்த இடத்துக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று பார்க்க வேண்டும். கீழிருந்து வருவது, ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்ச்செடியின் தளிர். அதை வளர்த்தால் நீங்கள் விரும்பி வைத்த ரகம் கிடைக்காது.

தென்னையின் கதை முற்றிலும் வேறு. ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்று தொல்காப்பிய மரபியல் வகுத்த பிரிவில், வெளிப்புறம் வயிரம் பாய்ந்த தென்னையும் பனையும் புல்லின் பக்கம் நிற்கின்றன. இன்றைய தாவரவியல் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று புல்லோடும் மூங்கிலோடும் சேர்த்தே வைக்கிறது. தென்னந்தண்டில் ஃபுளோயம் ஒரு வளையமாக வெளியே இல்லை. சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கற்றைகள் ஆயிரக்கணக்கில், கெட்டியான ஸ்கிளீரன்கைமா நார் உறையோடு, தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கின்றன. படி வெட்டும்போது சில கற்றைகள் அறுந்தாலும், ஒன்றோடொன்று கிளைத்து இணைந்துள்ள மற்றவை நீரையும் உணவையும் சுற்றிக் கொண்டுபோய்விடுகின்றன. ஆடு கடித்தெல்லாம் தென்னையில் வளையம் போட முடியாது.

ஆனால், தென்னையில் கேம்பியம் இல்லை. ஆகையால் தண்டு மாமரத்தைப் போல ஆண்டுக்காண்டு பருப்பதும் இல்லை, வெட்டு மூடுவதும் இல்லை; அந்தப் படிகள் மரம் உள்ளவரை அப்படியேதான் இருக்கும். நம் உடலிலும் இதற்கு இணை உண்டு: இதயத் தசைச் செல்கள் ஏறக்குறையப் பிரிவதே இல்லை என்பதால், மாரடைப்பில் இறந்த பகுதியில் தசை மறுபடி வளராமல் தழும்புதான் நிற்கிறது. பழைய படிகள் காய்ந்து இறுகிவிட்டதால் அவற்றை விட்டுவிடலாம். புதிதாக வெட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும். பச்சைக் காயத்தின் வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் தண்டின் மென்மையான பாரன்கைமாவைக் குடைந்து தின்னும். தண்டுத் துளையில் பழுப்பு நீர் வடிவதும், மென்ற நார் பிதுங்குவதும் அதற்கு அடையாளம். தவறிக் காயம் பட்டுவிட்டால் தென்னையில் தார் பூசலாம். காக்க வேண்டிய கேம்பிய விளிம்பு அங்கே இல்லாததால் இழப்பும் இல்லை. பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டும் என்றால், தண்டிலிருந்து 120 செ.மீ. தள்ளி வெட்டுங்கள்.