ஒரே சர்வரில் இரண்டு டொமைன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். அப்பாவின் கம்பெனிக்கு ஒரு டொமைனும், அண்ணன் தனியாகத் தொடங்கிய கம்பெனிக்கு மற்றொரு டொமைனும் உள்ளன. இரண்டுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் ஓடும் ஒரே லினக்ஸ் சர்வர்தான். இரண்டிலும் ‘சேல்ஸ்’ என்ற முகவரி உண்டு. அண்ணனுக்கு வந்த ஆர்டர் விசாரணை, அப்பாவின் மெர்ச்சண்டைசர் பெட்டியில் நான்கு நாட்கள் கிடந்தது. அப்பாவின் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் அஞ்சல்களிலும் சில போய்ச் சேருவதில்லை. எங்கே தவறு?

பதில்: இரண்டு டொமைன்களையும் போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் உள்ள மெயின்.சிஎஃப் கோப்பின் ‘மைடெஸ்டினேஷன்’ வரியில் எழுதியிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. அந்த வரியில் இருப்பவற்றையெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் தன்னுடைய சொந்தப் பெயர்களாக எடுத்துக்கொண்டு, @ குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் பார்த்து அஞ்சலைப் பெட்டியில் போடும். ஆகவே அப்பாவின் ‘சேல்ஸ்’, அண்ணனின் ‘சேல்ஸ்’ என்ற வேறுபாடே அதற்குத் தெரியாது.

அந்த வரியில் சர்வரின் சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு டொமைன்களையும் அதே கோப்பின் ‘விர்ச்சுவல் அலையஸ் டொமைன்ஸ்’ வரிக்கு மாற்றுங்கள். ஒரே டொமைன் இரண்டு வரிகளிலும் இருக்கக் கூடாது. இருந்தால் சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகில் எச்சரிக்கை வரும். பிறகு, எந்த முகவரி எந்தப் பெட்டிக்கு என்று சொல்லும் ‘விர்ச்சுவல்’ கோப்பில் ஒவ்வொரு முகவரியையும் முழுமையாக எழுத வேண்டும்: இடப்பக்கம் ‘சேல்ஸ்@அண்ணன் டொமைன்’, இடைவெளி விட்டு வலப்பக்கம் அண்ணனின் பெட்டிப் பெயர்; அடுத்த வரியில் அப்பாவுக்கும் அவ்வாறே. கோப்பில் எழுதாத முகவரிக்கு வரும் அஞ்சலைச் சர்வர் வாசலிலேயே மறுத்துவிடும் என்பதால், அஞ்சல் கோளாறுகளைப் பிறர் தெரிவிக்கும் ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரியை இரண்டு டொமைன்களுக்கும் மறவாமல் சேருங்கள். கோப்பைத் திருத்தியதும், அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவத்துக்கு மாற்றும் ‘போஸ்ட்மேப்’ கட்டளையை ஓட்டாவிட்டால் பழைய பட்டியலே நடப்பில் இருக்கும். பலர் ஒரு நாள் முழுவதும் திண்டாடுவது இந்த ஒரு படியை மறப்பதால்தான். அதே கட்டளையை ‘-க்யூ’ சேர்த்து முகவரியுடன் ஓட்டினால், அது எந்தப் பெட்டிக்குப் போகும் என்பதை உடனே காட்டிவிடும்.

ஜிமெயில் சிக்கல் வேறு. வெளிநாட்டு வாங்குநரின் டொமைன், தன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களை எஸ்பிஎஃப் பதிவில் அறிவித்திருக்கும். அவருடைய அஞ்சலை நீங்கள் திருப்பிவிடும்போது, உறையில் (அதாவது சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் விவரத்தில்) அவர் முகவரி இருக்க, கொண்டு வருவதோ திருப்பூரில் உள்ள உங்கள் சர்வர். அதன் இணைய எண்ணான ஐபி அவர் பட்டியலில் இல்லாததால் ஜிமெயில் சந்தேகப்படுகிறது. எஸ்ஆர்எஸ் என்னும் முறை உறையின் அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும்; போஸ்ட்ஃபிக்ஸுடன் இணைந்து இதைச் செய்யப் ‘போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி’ என்ற நிரல் கிடைக்கிறது. ஆனாலும் சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கை வாங்குநரின் டொமைனில் கடுமையாக இருந்தால், அவர் சர்வர் அஞ்சலில் இடும் டிகேஐஎம் என்ற மின்கையொப்பம் சிதையாமல் சென்று சேர்ந்தால்தான் அஞ்சல் ஏற்கப்படும். ஆகவே வழியில் கம்பெனி அறிவிப்பு வாசகம் எதையும் அஞ்சலின் அடியில் ஒட்டாதீர்கள். குப்பை அஞ்சலை வடிகட்டாமல் திருப்பினால் அதன் பழியும் உங்கள் ஐபி மீதே விழும்.

என் கருத்தைக் கேட்டால், வியாபார அஞ்சலை வெளியே திருப்பிவிடவே வேண்டாம். டவ்காட் என்ற அஞ்சல்பெட்டி மென்பொருள் மூலம் சர்வரிலேயே பெட்டி வைத்து, சர்வரில் உள்ள அஞ்சலை அங்கேயே வைத்துப் படிக்கும் ஐமேப் கணக்காக அப்பாவின் கைப்பேசியில் சேர்த்துக் கொடுங்கள். ஒரு ஷிப்மெண்ட் தேதி எந்த அஞ்சலில் வந்தது என்று தேட வேண்டிய நாளில், மூலப்பிரதி உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னை நார் வியாபாரம் செய்கிறேன். என்னுடையதும் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர்தான். முகவரியை எழுத்துப் பிழையோடு எழுதுபவர்களின் அஞ்சலும் கிடைக்க, @ குறிக்கு முன்னால் என்ன இருந்தாலும் ஒரே பெட்டிக்கு வரச் செய்யலாமா?

பதில்: மேலே சொன்ன ‘விர்ச்சுவல்’ கோப்பில் இடப்பக்கம் ‘@டொமைன்’ என்று மட்டும் எழுதினால் அப்படியே நடக்கும், ஆனால் ஊகித்த பெயர்களுக்கு வரும் குப்பை அஞ்சல் அத்தனையும் சேர்ந்து வரும். வழக்கமாக வரும் நான்கைந்து பிழைகளைத் தனித்தனி வரிகளாக எழுதுவதே போதும். அப்படியும் வேண்டும் என்றால், ஏற்கெனவே ‘விர்ச்சுவல் மெயில்பாக்ஸ்’ முறையில் (அதாவது லினக்ஸ் பயனர் கணக்கு இல்லாமல்) பெட்டி உள்ள ஒவ்வொரு முகவரியையும் அதே முகவரிக்கே திருப்பும் வரி ஒன்றை எழுதிவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் ‘விர்ச்சுவல்’ கோப்பில் உள்ள அலையஸ் பட்டியலைத்தான் பார்க்கும். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் கணக்காளருக்கு வர வேண்டிய அஞ்சலும் பொதுப் பெட்டிக்கே போய்விடும்.